வெற்றிலை உரலுக்கு ஓர் உலக்கை

(வீட்டுப் பட்டறை – 7)

மரத்தைப் பதப்படுத்தும் விதத்தைச் சென்ற வாரம் விவரித்தேன். அம்மரத்தைக் கடைந்து, சிறியதாயினும் நித்திய உபயோகமுள்ள ஒரு கருவியாக்குவதைப் பற்றி இவ்வாரம் சொல்ல வேண்டும். 1895-ல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் தண்ணீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரைச் சுற்றிலும் அகத்தியின் மேல் வெற்றிலை படரும் கொடிக்கால்கள் இருப்பதால், தாம்பூலம் இப்பிரதேசத்தில் விருந்தினருக்குச் செய்யும் உபசாரமாக மட்டுமின்றி, பல் போன முதியவர்களும் விட மனமில்லாத பழக்கமாக வேரூன்றியிருக்கிறது. அவர்களுக்கென்றே ஏற்பட்டது கைக்கடக்கமான வெற்றிலை உரல்.

சின்னமனூரில் என் நண்பருடைய தாயாரிடம் அத்தகைய பித்தளை உரல் ஒன்று உண்டு. அதன் இரும்பு உலக்கையின் பாரம் அவருடைய மணிக்கட்டுக்கு ஒவ்வாமற் போகவே, மரத்தில் ஒன்று கடைந்து தருவதென்று நாங்கள் இருவரும் தீர்மானித்தோம். “மழுமழுன்னு வேணாம்ப்பா, பிடிச்சா கையில நிக்கணும்” என்று அவர் சொன்னதே எங்களுக்கு அளவுகோலாயிற்று.

செக்குக்கும் உலக்கைக்கும் நம் முன்னோர் புளியை நாடியதற்குக் காரணம், கருஞ்சிவப்பான அதன் வைரம் இடி தாங்கும் என்பதே. மரத்தின் ரேகை உலக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடுமாயின், எவ்வளவு நல்ல வைரமானாலும் இடிக்கும் வேகத்தில் பிளந்துவிடும்.

நண்பர் வீட்டுப் பின்கட்டில் இருப்பது பழைய முறைக் கடைசல் பட்டறை. இரண்டு இரும்புக் கூர்களுக்கிடையே கட்டையைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் அதன் இரு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுக்க, மற்றவர் உளி பிடிக்க வேண்டும். கட்டை உளியை எதிர்கொண்டு சுழலும்போது மட்டுமே உளி பதியலாம். மறுபுறம் திரும்புகையில் அது சற்றே விலகி நிற்க வேண்டும். ஆகையால், இழுப்பவரின் மூச்சையும் கடைபவரின் கண்ணையும் ஒரே தாளத்தில் சேர்க்கும் இவ்வேலை, அந்நியோன்யமான இருவருக்கே வசப்படும்.

தலைப்பகுதியை ஓர் அங்குலப் பருமனில் விட்டு, பெருவிரல் தங்குமிடத்தைச் சிறிது ஒடுக்கி, அடிப்பாகத்தை உரலின் குழிவுக்கு இணங்க உருட்டி, அதற்குச் சற்று மேலே பித்தளைப் பூண் ஒன்றைக் கெட்டியாக இறக்கினோம். சன்னபட்டணத்து மரப் பொம்மைகளில் செய்வதுபோல், சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் பளபளப்பாகப் படியும். ஆயினும் வெற்றிலையோடு அரக்கு உதிர்ந்து கலத்தல் ஆகாதென்று, உப்புத்தாளால் தேய்த்தபின் தேங்காயெண்ணெய் மட்டுமே பூசினோம்.

இத்தகைய சிறு கருவிகளை அற்பமென்று எண்ணுவது தவறு. ஷேக்ஸ்பியர் நட்டதாகக் கருதப்பட்ட முசுக்கட்டை மரத்தை, அவருடைய ஊரில் 1756-ல் அவ்விடத்துச் சொந்தக்காரர் வெட்டிவிட்டபோது, அம்மரத்திலிருந்து செய்து விற்கப்பட்ட ஞாபகார்த்தப் பொருள்களில், சுங்கானில் புகையிலையை அமுக்கும் சிறு கட்டைகளும் இருந்தன. மகாகவியிடம் மக்கள் வைத்திருந்த பக்தியைத் தாங்குவதற்கு விரல் நீளக் கட்டையே போதுமானதாக இருந்ததென்றால், பெற்ற தாயிடம் மகன் வைத்திருக்கும் வாஞ்சையைத் தாங்குவதற்கு ஒரு சாண் புளியங்கட்டை போதாதா?

கடையில் விற்கும் உலக்கை எல்லோர் கைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. குறிப்பிட்ட ஒருவரின் கைக்கென்று, அவருடைய பலத்தையும் பலவீனத்தையும் அறிந்து செய்யும் பாக்கியமோ வீட்டுப் பட்டறைக்கே உரியது. இவ்வேலையில் இறங்க விரும்பும் வாசகர்கள், மரத்தைத் தேடுவதற்கு முன்னால், வீட்டிலுள்ள பெரியவர் எதைச் சிரமப்பட்டுத் தூக்குகிறார் என்பதைக் கவனிப்பார்களாக. மரத்திலேயே உரல் குடையும் முறையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)