போக்கரில் 'கால்' எப்போது, 'ஃபோல்ட்' எப்போது? கைவிடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கு!

2003ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ். 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' முதன்மைப் போட்டியில் மோதிய 839 பேரில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் அனுபவசாலி சாமி ஃபர்ஹா. இன்னொருவர் ஆன்லைன் தகுதிப் போட்டி மூலம் வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர்.

மணிமேக்கர் கையில் ராஜாவும் ஏழும். ஒரு ஜோடிகூட சேரவில்லை. ஃபர்ஹாவிடமோ ஒன்பது ஜோடி. ஆனாலும் மணிமேக்கர் தன் சிப்ஸ் மொத்தத்தையும் நகர்த்தினார். யோசித்துப் பார்த்த ஃபர்ஹா சீட்டைக் கைவிட்டார். கடைசியில் 25 லட்சம் டாலர் பரிசு மணிமேக்கருக்கு!

ஜெயிக்கும் சீட்டை ஃபர்ஹா ஏன் கைவிட்டார்? போக்கரில் முடிவு எப்படி எடுக்கிறார்கள்?

பெட், கால், ஃபோல்ட் என்றால் என்ன?

பணம் கட்டுவது 'பெட்'. எதிராளி கட்டிய அதே தொகையைக் கட்டித் தொடர்வது 'கால்'. சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது 'ஃபோல்ட்'. நடுவில் சேரும் தொகைதான் 'பாட்'.

'கால்' பண்ணலாமா?

பாட்டில் 100 இருக்கிறது. எதிராளி 50 கட்டுகிறார். நீங்களும் 50 கட்டினால் மொத்தம் 200. அதில் உங்கள் பங்கு நான்கில் ஒன்று. அதாவது, ஜெயிக்கும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் 'கால்' லாபம்.

உங்களுக்கு நான்கு இஸ்பேட் சேர்ந்துவிட்டது, ஐந்தாவது வந்தால் வெற்றி, வர வேண்டியது ஒரே சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் படாத 46 சீட்டில் மிச்சமுள்ள இஸ்பேட் 9. வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அப்போ ஃபோல்ட்தான் சரி. எதிராளி 20 மட்டும் கட்டியிருந்தால்? தேவை சுமார் 14 சதவீதம்தான். தாராளமாக 'கால்' பண்ணலாம். சீட்டு அதேதான், விலைதான் வேறு.

'பெட்' எப்போது?

இரண்டு காரணங்கள். ஒன்று, நம்மைவிட மோசமான சீட்டு வைத்திருப்பவர் 'கால்' பண்ணுவார் என்பதற்காக. இன்னொன்று, நம்மைவிட நல்ல சீட்டை ஃபோல்ட் செய்ய வைக்கும் 'பிளஃப்'. 100 உள்ள பாட்டில் 50 கட்டி பிளஃப் செய்தால், மூன்றில் ஒரு முறைக்கு மேல் பலித்தாலே லாபம்.

'இவ்ளோ போட்டாச்சே, எப்படி விடுறது?'

பலரும் தோற்பது இங்கேதான். பாட்டில் போட்ட பணம் இனி உங்களுடையது இல்லை. 'இனி கட்டப்போகும் தொகைக்கு வாய்ப்பு போதுமா?' என்பது மட்டுமே கேள்வி.

ஃபர்ஹா செய்ததும் இதுதான். எதிராளியின் சீட்டு தெரியாது. முழுத் தொகைக்கு எதிராக ஒரே ஒரு ஜோடி பெரும்பாலும் பிளஃபை மட்டுமே ஜெயிக்கும். அன்று வந்தது பிளஃப். ஒருமுறை தோற்றதாலேயே அந்த முடிவு தப்பு என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்குத் தமிழ்நாடு விதித்த தடை செல்லாது என 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது.

கணக்கு சரியாகத் தெரிந்தவரும் பல இரவுகள் தோற்பார். அந்தத் தோல்வியைத் தாங்காத பணம் என்றால், ஆட்டத்தில் உட்காராமல் இருப்பதே முதல் ஃபோல்ட்.