மக்குப் பையனும் படித்த மனைவியும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, பிள்ளை ஒரு பாடத்தில் போய்விட்ட வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்குமா? கம்பத்தில் எங்கள் வீட்டில் கேட்டது, சகோதரிகளே! சிரிக்க வைத்தது 1941-ம் வருடத்துப் படம், 'சபாபதி'.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சபாபதி பணக்கார வீட்டுப் பிள்ளை. மனசு தங்கம், மண்டையில்தான் எதுவும் ஏறாது. மெட்ரிகுலேஷனில் தோற்றுப் போகிறான். அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானே தேவலை என்று சொல்ல வைக்கும் ஆசாமி! எஜமானாக வரும் டி.ஆர். ராமச்சந்திரனுக்கு அப்போது 24 வயது. வசனமே வேண்டாம், அந்த முட்டைக் கண்ணை உருட்டினாலே போதும். வேலைக்காரன் காளி என். ரத்னம், அவருக்கு ஜோடி சி.டி. ராஜகாந்தம். தமிழ் வாத்தியாராக வந்து பாடாய்ப் படுகிறவர் கே. சாரங்கபாணி.

பம்மல் சம்பந்த முதலியார் மேடைக்காக எழுதிய நாடகம்தான் இப்படிப் படமானது. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். பிற்பாடு நீதிபதியாகவும் இருந்தார். படத்தை ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இயக்கியவர் ஏவி. மெய்யப்பன். (ஏவிஎம் ஸ்டூடியோ பிறந்தது பிறகு, 1945-ல்.) தமிழ் பேசும் படமே 1931-ல் 'காளிதாஸ்' மூலம்தான் வந்தது. அதன் பிறகு எங்கு பார்த்தாலும் புராணம். அதற்கு நடுவில் சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, பரீட்சையில் தோற்றவன் ஒருவன்தான் கதாநாயகன்! படம் வந்தது 1941 டிசம்பரில். அதே மாதம்தான் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. நாலு மாதத்தில், குண்டு விழும் என்று பயந்து பட்டணமே காலி செய்துகொண்டு ஓடியது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணக்கில் போன நாளிலிருந்து பெரியவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும். அவன் அப்பா அவனோடு பேசவே இல்லை. வந்த சொந்தக்காரர்களோ வாய் ஓயாமல் பேசினார்கள். "மக்குப் பயலுக்கு எதுக்குப் படிப்பு? திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகட்டும்" என்று ஒரு பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து சொன்னது அறைக்குள்ளே கேட்டிருக்கும். எனக்கு ராத்திரி தூக்கமே வராது. இரண்டு தடவை எழுந்து போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்திருக்கிறேன். பெற்றவளுக்குத்தானே தெரியும்!

படத்தை டிவியில் போடச் சொன்னது என் மாமியார். மணலில் உட்கார்ந்து டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவர். மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்த்தோம். படமெல்லாம் கோடு, சத்தத்தில் கரகரப்பு. சின்னவள் பத்து நிமிஷம் முகத்தைச் சுளித்தாள். அதற்கப்புறம் அவள்தான் அதிகம் சிரித்தது. இரண்டாம் நாள் சபாபதி வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்தில், கதவோரத்தில் இன்னொரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் பெரியவன்! நான் ஒன்றும் கேட்கவில்லை. முறுக்குத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

எல்லாமே ரசிக்கும்படி இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வேலைக்காரன் என்றாலே முட்டாள் என்பதுபோல் வரும் சிரிப்பு இன்றைக்கு உறுத்துகிறது. எஜமானின் முட்டாள்தனத்துக்குப் பணம் முட்டுக் கொடுக்கிறது. பாவம், வேலைக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? பாட்டு வந்தால் நம் குழந்தைகள் ரிமோட்டைத் தேடும். தேடட்டும்.

ஆனால் ஒன்று. தோற்ற பையனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். வந்தவள் சிவகாமி, படித்த பெண். (நடித்தவர் ஆர். பத்மா. சோப்பு விளம்பரத்தால் 'லக்ஸ்' பத்மா என்றே பெயர்.) புருஷன் மக்கு என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை அவள். உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறாள். அவனும் பாஸாகிறான்! 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் எழுத்தறிந்தவர்களாக இல்லை. அதற்கும் பத்து வருஷம் முன்னால் இப்படி ஒரு மனைவி!

"ஏத்தா, பொண்டாட்டி பாடம் சொன்னா புருஷன் கேட்டுக்கிட்டானாக்கும் அந்தக் காலத்துல?" என்றார் மாமியார்.

"சினிமாவுலதான் அத்தை!"

அவர் சிரிக்கவில்லை. அவரை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். "அந்தப் புள்ளை சொல்லிக் குடுக்கறப்போ கோவமே படலை பாத்தியா?" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாததுபோல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், "துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட எப்ப கடைசித் தேதிடா?" என்று அவனிடமே கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பனும் மகனும் பேசிய முதல் பேச்சு!

என் நாத்தனார் மகள் பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளை இங்கேயே இருத்திக்கொண்டோம். தினம் சாயங்காலம் திண்ணையில் இரண்டு மணி நேரம் கணக்கு நடக்கிறது. அவளுக்குக் கோபம் வராமல் இல்லை, நன்றாகவே வருகிறது!

மாமியார் இப்போது அதே ராமச்சந்திரன் நடித்த, 1960-ல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' போடச் சொல்கிறார். பரீட்சை முடியட்டும் அத்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.