சைக்கிள் படுத்துவிட்டதா? முதலில் கூட வந்தவரைப் பாருங்கள்!

விடியற்காலை ஐந்து மணிக்குக் கும்பகோணத்தை விட்டுக் கிளம்பியாயிற்று. நீங்கள் ஒரு சைக்கிளில், உங்கள் மச்சினர் ஒரு சைக்கிளில். ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று பேசிக்கொண்டே வந்தாயிற்று. மொத்தம் 60 கிலோமீட்டர் சொச்சம். "டிபனா? அதெல்லாம் பூம்புகார்ல போய்ப் பார்த்துக்கலாம்" என்று முடிவு செய்து, ஆளுக்கொரு காபியோடு மயிலாடுதுறையைத் தாண்டிவிட்டீர்கள்.

மன்னம்பந்தலுக்கு அப்பால், இரண்டு பக்கமும் வயல். 'புஸ்ஸ்...' பின் சக்கரத்தில் காற்று இல்லை. மணி ஒன்பதரை. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

உடனே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள், இல்லையா? நம்மில் பலர் செய்கிற தப்பு இதுதான். சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது. பக்கத்தில் நிற்கிறாரே மச்சினர், அவர் முகத்தை முதலில் பாருங்கள்!

வெயிலா, சர்க்கரையா?

மச்சினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டுவிட்டார். வயிற்றில் காபியைத் தவிர வேறொன்றும் இல்லை. நாலு மணி நேரம் பெடல் மிதித்திருக்கிறார். உழைக்கிற தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை வேகமாக எடுத்துக்கொள்ளும். சில மாத்திரைகளும் இன்சுலினும் அதை மேலும் இறக்கும். ஓடிக்கொண்டிருந்தவரை தெரியாதது, நின்றதும் தெரிய ஆரம்பிக்கும்.

சில்லென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல். இதெல்லாம் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. கேட்டால், "ஒண்ணுமில்லை அத்தான், வெயில்தான்" என்பார். நம்பாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் நிழலில் உட்காரட்டும். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை இல்லாதவருக்கு வெயிலே போதும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது என்று வந்தால் நிழல், உப்பு போட்ட நீர்மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல், ஓய்வு. உடம்பு அனலாகக் கொதித்து, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெயில் தாக்கு. அப்போதும் 108-தான். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

மச்சினர் நிழலில் சுகமாக உட்கார்ந்துவிட்டாரா? சரி, இப்போது சைக்கிளுக்கு வருவோம்.

பஞ்சர் தானா?

முதலில் வால்வைப் பாருங்கள். காற்றடித்து, வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி விட்டால் உள்ளே இருக்கும் சின்ன வால்வு டியூப் நைந்துபோயிருக்கிறது. அதை மாற்றினால் போதும், வேலை முடிந்தது.

குமிழி வரவில்லையா? பஞ்சர்தான். டெல்டா சாலையோரங்களில் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. சக்கரத்தைக் கழற்றவேண்டிய அவசியமில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை வெளியே இழுங்கள். காற்றடித்து, பக்கத்து வாய்க்காலில் ஒரு டப்பா தண்ணீர் மொண்டு, டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் அமுக்கினால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை பொறுத்திருந்து ஒட்டைப் போட்டு அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் அடுத்த ஊரிலேயே பிய்த்துக்கொள்ளும்.

முக்கியமான விஷயம்: டியூபைத் திரும்ப உள்ளே விடுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் மறுபடி பஞ்சர்தான். வெறும் விரலால் தடவினால் பஞ்சர் உங்கள் விரலுக்கு!

செயின் கழன்றால்...

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் செயினில் சுற்றிக்கொண்டால் கட்டாயம் இறங்கிவிடுங்கள். ஒருவர் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் வைக்கோலை எடுத்துவிட்டு, செயினைப் பின் பல்சக்கரத்தில் மாட்டி, முன் பல்சக்கரத்தின் மேல் பற்களில் வைத்துப் பெடலை மெதுவாக முன்னோக்கிச் சுற்றினால் ஏறிக்கொள்ளும். விரலைக் கொடுக்காதீர்கள், ஒரு குச்சியால் தள்ளுங்கள். சுற்றுகிற ஆளும் மாட்டுகிற ஆளும் ஒருவராகவே இருக்கட்டும். "சுத்து, சுத்து" என்று ஒருவர் சொல்லி மற்றவர் சுற்றும்போதுதான் விரல் நசுங்குகிறது.

காயம் பட்டால் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மண்ணும் கிரீஸும் ஏறிய காயம் என்றால், கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

சரியாகவில்லையா? பிரியாதீர்கள்

காற்றில்லாத சைக்கிளில் ஏறி ஓட்டாதீர்கள். டியூபும் டயரும் நாசமாகிவிடும். ஒரு கையால் ஓட்டி, மறு கையால் இன்னொரு சைக்கிளை இழுத்து வரும் வீரமும் வேண்டாம். இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டே அடுத்த சைக்கிள் கடைக்கோ டீக்கடைக்கோ போங்கள். ஒருவர் போய் ஆள் அழைத்து வரத்தான் வேண்டும் என்றால், உடம்பு சரியில்லாதவரைத் தனியே விட்டுப் போகக்கூடாது. காத்திருக்கிறவர் நாலு பேர் நடமாடும் நிழலில், சொன்ன இடத்திலேயே இருக்கவேண்டும். கையில் செல்போன், தண்ணீர், ஏதாவது சாப்பாடு.

இன்னொன்று. பூம்புகாரை நோக்கிக் கிழக்கே போகிறீர்கள். முற்பகல் தாண்டினால் கடல்காற்று எதிரே வீசும். பஞ்சரில் போன ஒரு மணி நேரத்தை மிதித்துப் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தாமதமாகவே போய்ச் சேருங்கள்.

கிளம்பும் முன்

* பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஸ்பேனர், இரண்டு வால்வு டியூப்
* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ், பிஸ்கட்
* சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்கவேண்டும். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்
* ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்தப் பையில் இருக்கிறது என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்கட்டும்
* மாத்திரை போட்டால் டிபனைத் தள்ளிப்போடாதீர்கள்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். இன்று பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. ஆகவே இதெல்லாம் ஆண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவும் மகளும் கிளம்பினாலும் இதே பாடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து இருவரும் ஒரு பஞ்சர் ஒட்டிப் பழகுங்கள்.

பூம்புகாரில், 1973-ல் எழும்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை அவசியம் பாருங்கள். இந்த ஊரிலிருந்துதான் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தே கிளம்பினார்கள். வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள். காலால் நடந்தாலும் சைக்கிளில் போனாலும் நெடுவழிக்கு முதல் தேவை, நம்மைக் கவனித்துக்கொள்ளும் ஒரு துணை.

மச்சினர் தெளிந்துவிட்டாரா? "போலாமா அத்தான்?" என்கிறாரா? இன்னும் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். காவிரி கடலில் கலக்கிற இடம் உங்களுக்காகக் காத்திருக்கும்!