மனுவை எந்த வாசலில் கொடுப்பது?

எங்கள் நெய்க்காரப்பட்டிப் பக்கம் உழவர்கள் கூடினால் பேச்சு கரும்பு, தென்னை, வெல்ல விலை என்று தொடங்கி, கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்.

"ஏனுங்க, வெவசாயம் மாநிலத்தோட அதிகாரம்னு சொல்றீங்க. அப்புறம் இந்த விஷ மருந்தையெல்லாம் சென்னையிலயே ஒரு கையெழுத்துப் போட்டு நிறுத்திர வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாததால்தான் நம்ம மனுக்கள் பலவும் சம்பந்தமில்லாத மேசையில் போய்த் தூங்குகின்றன.

அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் உரிய பொதுப் பட்டியல். மாநிலப் பட்டியலின் 14-வது இனம் வேளாண்மை. வேளாண் கல்வி, ஆராய்ச்சி, பூச்சி நோயிலிருந்து பயிரைக் காப்பது எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் 17, நிலம் 18, சந்தை 28. இதை மட்டும் படிச்சா எல்லாம் நம்ம மாநிலத்தின் கையில்தான் இருக்குன்னு தோணும்.

பொதுப் பட்டியலையும் புரட்டிப் பாருங்க. உணவுக் கலப்படம் 18-வது இனம். மருந்துகளும் நஞ்சுகளும் 19. உணவுப் பொருள் வணிகம் 33. இங்கே இரண்டு அரசும் சட்டம் போடலாம். முரண்பட்டால், பொதுவாக மத்தியச் சட்டம்தான் நிற்கும். மாநிலச் சட்டம் நிற்கணும்னா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேணும்.

இப்ப விஷ மருந்துக்கு வருவோம். இதை ஆள்வது 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம். நாடாளுமன்றம் போட்டது. எந்த மருந்தை விற்கலாம் என்று பதிவு செய்வது மத்தியப் பதிவுக் குழு. ஒரு மருந்து ஆபத்தானது என்று தெரிந்தால் மாநில அரசு செய்யக்கூடியது, 27-வது பிரிவின்படி 60 நாள் தடை. விசாரணை முடியலைன்னா இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். அவ்வளவுதான். பதிவையே ரத்து செய்வது டெல்லியின் வேலை.

நம்ம மாநிலத்திலேயே இது நடந்தது. தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழ்நாடு அரசு விதித்த 60 நாள் தடை 2023 தொடக்கத்தில் அமலில் இருந்தது. அதே ஆண்டில் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு ஆணையிட்டது. மாநிலத் தடை மட்டும் இருந்தா, நாள் முடிஞ்சதும் டப்பா மறுபடி கடை அலமாரிக்கு வந்துரும்.

அதுக்காக மாநிலத்தின் கை வெறுங்கைன்னு நினைக்க வேண்டாம். கடைக்கு உரிமம் கொடுப்பதும், கடையில் ஆய்வு செய்து மாதிரி எடுப்பதும், தப்பு நடந்தால் உரிமத்தை நிறுத்துவதும் மாநில வேளாண் துறை அதிகாரிகள்தான். காய்கறிக்கு அடிக்கக் கூடாத மருந்தைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒருத்தர் பரிந்துரைச்சு விற்றால், டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. உங்க வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க.

வெல்லத்துக்கும் இதே கதைதான். வெள்ளைச் சர்க்கரை கலந்து, நிறத்துக்கு ரசாயனம் போட்ட வெல்லத்தோடு நம்ம சுத்தமான வெல்லம் போட்டி போடுது. தரத்தை வகுப்பது 2006-ஆம் ஆண்டின் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம். மாதிரி எடுப்பது நம்ம மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவர் மாநில அரசின் ஊழியர். சான்றிதழும் அப்படித்தான். ஏற்றுமதிக்கான இயற்கைச் சான்றின் விதிகள் மத்திய வணிக அமைச்சகத்துடையவை. அந்த விதிப்படி வயலுக்கு வந்து பார்த்துச் சான்று தருபவர்களில் நம்ம மாநில அங்ககச் சான்றளிப்புத் துறையும் ஒன்று.

மாநிலம் பேசினால் டெல்லி கேட்குமா? கேட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. 2009-ல் மரபணு மாற்றக் கத்தரிக்கு மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. உழவர்கள் எதிர்த்தார்கள்; பல மாநில அரசுகளும் எதிர்த்தன. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். 2020-ன் மூன்று வேளாண் சட்டங்களுக்கு மத்திய அரசு காட்டிய ஆதாரம் அந்த 33-வது இனம். அவற்றை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 ஆகஸ்ட் 28-ல் தீர்மானம் போட்டது. ஆனா அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தது, டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்த உழவர்கள்தான்.

மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கு. 73-வது திருத்தம் தந்த 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்களில் முதலாவது வேளாண்மை. நெய்க்காரப்பட்டி பேரூராட்சி. ஆனா சுற்றிலும் இருக்கிற கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடுது. அங்கே தெருவிளக்கோடும் சாக்கடையோடும் பேச்சை முடிச்சுக்காதீங்க.

கிராம சபையில் மூன்று தீர்மானம் கேளுங்க. ஒன்று, நம்ம ஊர்க் கடைகளில் வேளாண் துறை முறையாக மாதிரி எடுக்க வேண்டும். இது வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும். இரண்டு, கொடிய மருந்துகளுக்கு 27-வது பிரிவைப் பயன்படுத்த வேண்டும், இது சென்னைக்கு. மூன்று, அவற்றின் பதிவை நிரந்தரமாக ரத்து செய்ய வேண்டும், இது டெல்லிக்கு. ஒரே மனுவில் மூன்றையும் கலக்காமல் தனித்தனியா அனுப்புங்க. அப்பத்தான் "இது எங்க அதிகாரத்துல இல்லை"ன்னு யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.