புகார் சொன்னவர் என்ன ஆனார்?

அலுவலகத்தில் தப்பு நடப்பது தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவரின் கேள்வி வேறு: போன தடவை சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்?

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்குகளோ சேவைகளோ கட்ட வேண்டும் என்பது அங்கே இலக்காக இருந்தது. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'எய்ட்' என்பது 'கிரேட்'டுடன் இயைபாக ஒலித்ததாம். வங்கியின் ஆண்டறிக்கையே அப்படிச் சொன்னது. இன்றைக்கு எத்தனை விற்றாய் என்று மேலாளர்கள் ஒரே நாளில் பல தடவை கணக்குக் கேட்டார்கள். குறைந்தால் வேலைக்கே ஆபத்து. ஊழியர்கள் பலர் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். இல்லாத மின்னஞ்சல் முகவரியைப் போட்டு இணைய வங்கிச் சேவையில் பதிவும் செய்தார்கள்.

புகார் சொல்லத் தொலைபேசி எண் ஒன்று வங்கியிலேயே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி மேலாளர் ஒருவர் மேலதிகாரிகளிடமும் சொன்னார், அந்த எண்ணிலும் சொன்னார். 2010இல் அவர் வேலை போயிற்று. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு சுமார் 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது 2017இல்தான். அந்த ஏழு வருடமும் பக்கத்து மேசையில் இருந்தவர் அந்த எண்ணை அழுத்த நினைத்திருப்பாரா? சுவரில் ஒட்டிய நெறிமுறை அறிக்கையை யாரும் படிப்பதில்லை. சக ஊழியரின் காலி நாற்காலியை எல்லோரும் படிக்கிறார்கள்.

2016இல் விவகாரம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் சுமார் 5,300 பேரை வங்கி வெளியேற்றியிருந்தது. பெரும்பாலோர் கீழ்மட்டத்தினர். இலக்கு வைத்தவர்களுக்குக் கணக்குத் தீர்க்க இன்னும் நாள் பிடித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்தார் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், கூடுதலாக இருந்தது. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. பயமில்லாததால் நர்சுகள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம்.

ஆகவே, உங்களுக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்த்து, வருடம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை என்றால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கடைசியாக வந்து சொன்னவருக்கு என்ன பதில் போனது, அவர் இன்னும் அதே பிரிவில் இருக்கிறாரா என்று கோப்பை எடுத்துப் பாருங்கள்.