வீட்டுக் கல்வியில் வினா அட்டைகள்

மனனம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகம் சுளிக்கும் பெற்றோரை நாம் இன்று காண்கிறோம். பொருள் அறியாமல் ஒப்பிப்பதையே கல்வி என்று கொண்டிருந்த பழக்கத்தால் நேர்ந்த வெறுப்பு அது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்த்தே அறியும் சிறுவன், பின்னக் கணக்குக்கு வரும்போது வழியிலேயே களைத்துவிடுகிறான். நினைவில் நிற்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பிள்ளையின் மனத்தை நோகடிக்காமல் எவ்வாறு நிலைநிறுத்துவது?

பள்ளிக்கு அனுப்பாமல் தம் மக்களைத் தாமே பயிற்றும் குடும்பங்களுக்கு இக்கேள்வி மிகவும் நெருக்கமானது. இக்குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர், பதினான்கு வயது நிரம்பியபின், தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகின்றனர். அதுவரையில், திடீரென்று எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் ஆசிரியர் அவர்களுக்கு இல்லை. சென்ற மாதம் கற்றது இன்று நினைவில் உள்ளதா என்று கேட்க வேண்டியவர் தாயோ தந்தையோதான். எதைக் கற்று எத்தனை நாளாயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்ள அவர்களால் இயலுமா? அந்தக் கணக்கைத்தான் வினா அட்டை மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் சேர்ந்து முழங்கினார்கள். அம்முறையின் பலம் இடைவிடாப் பயிற்சி. அதன் குறையோ, நன்கு தெரிந்த ஈரிரண்டு நான்குக்கும் தடுமாறும் ஏழெட்டுக்கும் ஒரே அளவு நேரம் செலவானது. எது எப்பொழுது மறக்கும் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, அதன் முடிவுகளை 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைவாகவும், நாட்செல்ல மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே நாளில் பல முறை படிப்பதைவிடப் பல நாட்களில் பகிர்ந்து படிப்பதே சிறந்தது என்பதும் அவர் கண்டவை. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதற்கு எளியதோர் உபாயம் கூறினார். ஒரு பெட்டியில் சில அறைகள். சரியாக விடை சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளை அரிதாகவே திறந்து பார்த்தால் போதும். கணிப்பொறி இல்லாத வீட்டில் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியைக் கொண்டே இதனைச் செய்யலாம். 1987-இல் போலந்து நாட்டின் பியோத்தர் வோஸ்னியாக் இடைவெளியைக் கணிக்கும் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். 2006-இல் வெளிவந்த ஆங்கி என்னும் மென்பொருள் இன்று பலராலும் கையாளப்படுகிறது. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். கணிப்பொறியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அது விலையின்றிக் கிடைக்கிறது; ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு.

திரையில் வினா தோன்றும். பிள்ளை வாய்விட்டு விடை சொல்ல வேண்டும். அதன் பின்னரே விடைப்பக்கத்தைத் திறக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றலாகாது. விடையைப் பார்த்துவிட்டு, ‘இது எனக்குத் தெரியுமே’ என்று சொல்வது நினைவன்று. அடையாளம் காண்டல் மட்டுமே. 2006-இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

விடையைப் பார்த்தபின், மறந்தேன், கடினம், நன்று, எளிது என்று பிள்ளையே தன்னை மதிப்பிட வேண்டும். அதற்கேற்ப அவ்வட்டை நாளையோ, ஒரு வாரத்திலோ, ஒரு மாதத்திலோ திரும்பி வரும். ‘மறந்தேன்’ என்ற பொத்தானை அழுத்தியதற்காக ஒருமுறை கடிந்துகொண்டோமானால், மறுநாள் முதல் பிள்ளை ‘நன்று’ என்றே அழுத்தப் பழகிவிடும். பிறகு கணக்கு முழுவதும் பொய்யாகும். முதற்சில வாரங்கள் பெற்றோர் அருகில் அமர்ந்திருப்பது நல்லது. ஆனால் பரீட்சை அதிகாரியாக அன்று.

பெரும்பாலான வீடுகளில் இம்முறை கைவிடப்படுவது எதனால்? ஆசையால்தான். ஆங்கி தானாகவே நாளொன்றுக்கு இருபது புதிய அட்டைகளைக் காட்டும்படி அமைந்துள்ளது. அது பெரியவர்களுக்கு ஏற்ற அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வாறே விட்டால், சில வாரங்களில் பழைய அட்டைகள் திரும்பி வந்து குவியும். உறவினர் திருமணத்திற்குப் பத்து நாள் சென்று திரும்பினால் நூற்றுக்கணக்கில் காத்திருக்கும். அதைக் கண்ட பிள்ளை அழுவதில் வியப்பில்லை. நாளுக்கு மூன்று புதிய அட்டை போதும் என்பதே நம் கருத்து. இரண்டு முதல் ஒன்பது வரையுள்ள வாய்பாட்டில், ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பதைப் பிள்ளை புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி உணர்ந்துகொண்டால், நினைவில் கொள்ள வேண்டியவை முப்பத்தாறே. மூன்று மூன்றாகப் பன்னிரண்டு நாளில் அனைத்தும் அறிமுகமாகிவிடும். குவிந்துபோன நாளில் புதியவற்றை நிறுத்தி வைத்து, பத்து நிமிடம் மட்டும் பார்த்து எழுந்துவிடலாம்.

கொட்டை அடுக்குவதற்கு முன் அட்டை எழுதக் கூடாது. புரியாததை அட்டையில் ஏற்றினால் பழைய ஒப்பித்தலே புதிய உடையில் வந்து நிற்கும்.

எத்தனை முறை வந்தாலும் நிலைக்காத அட்டைகள் சில எப்பொழுதும் இருக்கும். ஓர் அட்டை எட்டு முறை மறந்துபோனால் ஆங்கி அதற்குத் தானே அடையாளம் இடுகிறது. அத்தகைய அட்டைக்கு ஆங்கிலத்தில் அவர்கள் இட்ட பெயர், குளத்தில் காலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் அட்டையின் பெயர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது வேடிக்கைதான். அவ்வாறு அடையாளம் பெற்றதைக் கண்டால், பிள்ளையை நோக்காமல் அட்டையை நோக்குவோம். ‘வடகிழக்கு மாநிலங்களின் தலைநகரங்கள் யாவை?’ என்று எட்டு விடைகளை ஒரே அட்டை கேட்டிருக்கும். அதை அழித்துவிட்டு, நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, மணிப்பூருக்கு ஒன்று, மிசோரமுக்கு ஒன்று என எட்டாகப் பிரித்துப் பிள்ளையையே புதிதாக எழுதச் சொல்லலாம்.