காற்றைக் கேட்டு நாள் குறிப்போம்: தீவகக் கடலில் ஒரு வாரம்

1937ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 90 அடி நீளம். அந்த ஊர்க் கரையிலேயே, அந்த ஊர் ஓடாவிமார் கட்டிய கப்பல். பெயர் அன்னபூரணி. சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்றிருந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று தன் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். கப்பலின் பெயர் மாறினாலும் பாய் இழுத்த கைகள் வல்வெட்டித்துறைக் கைகள்தான். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அத்திலாந்திக் என்று நீண்ட அந்தப் பயணம் 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் முடிந்தது.

அந்த மாலுமிகள் கடந்து போன மத்தியதரைக் கடலில் இன்று கோடை தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாய்ப்படகு வாடகைக்கு எடுத்து விடுமுறை கழிக்கின்றன. கிரேக்கம், குரோவேசியா, துருக்கி ஆகிய நாடுகளின் கரைகளில் இது பெரிய தொழில். வழக்கமாகச் சனிக்கிழமை படகை எடுத்து அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் சான்றிதழைக் காட்டித் தானே ஓட்டலாம். தெரியாதவர் தண்டையலோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கலாம். பகலில் சில மணி நேரம் பாய் விரித்துப் போய், பொழுது சாயும் முன் ஒரு தீவில் நங்கூரம் போட்டு, கரையேறிச் சாப்பிட்டு, படகிலேயே உறங்குவார்கள்.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் கைக்கெட்டும் தூரத்தில் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்டைதீவு, வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு. மத்தியதரைக் கடலில் உள்ளது போல வாடகைப் பாய்ப்படகுகள் அணிவகுத்து நிற்கும் படகுத்துறை இங்கே இல்லை. பயணிகள் படகு, 'பாதை' என்று மக்கள் சொல்லும் மிதவை, தாம்போதி வழியே ஓடும் பஸ், தேவைப்பட்டால் மீனவர் ஒருவரின் வள்ளம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பயணத்தை அமைக்க வேண்டும். ஆனாலும் மத்தியதரைக் கடலோடிகள் கடைப்பிடிக்கும் விதிகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும். அவற்றில் முதல் விதி, நாளைக் குறிக்கும் முன் காற்றைக் கேட்க வேண்டும் என்பது.

நான்கு காற்றுகளின் நாட்காட்டி

கிரேக்கத்தின் ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து 'மெல்ட்டெமி' என்ற காற்று வீசும். அது பலத்து வீசும் நாளில் அனுபவசாலிகளும் துறையை விட்டு அசைய மாட்டார்கள். யாழ்ப்பாணக் கரையிலும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், வடகிழக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். ரங்கூனுக்குப் போன பாய்க்கப்பல்கள் சோளகத்தில் ஏறி வாடையில் திரும்பின. இன்றைக்கும் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் மிகப்பெரிய பட்டங்கள் ஏறுவது வாடையை நம்பித்தான்.

தீவகப் பயணத்துக்கு நல்ல காலம் மாசி முதல் சித்திரை வரை. வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் எழும்பாத இந்த இடைவெளியில் கடல் பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையும் புயலும் வரும் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வீசியது இந்தப் பாக்கு நீரிணைப் பகுதியில்தான். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. அந்த மாதங்களில் நெடுந்தீவுக்கான படகுச் சேவை நின்றுபோவது புதிதல்ல.

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஆகஸ்டை ஒட்டி வருகின்றன. அது சோளகக் காலம். வரக்கூடாது என்பதில்லை, காலைப் படகைப் பிடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால், நெடுந்தீவு போன்ற தொலைவான கடவையைக் கடல் அமைதியாக இருக்கும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

தமிழகத்திலிருந்து வருபவர்களுக்குக் கடல் வழியும் திறந்திருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலுடன் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்தச் சேவையும் காலநிலைக்குக் கட்டுப்பட்டதுதான். பயணச்சீட்டு வாங்குமுன் அந்த வாரம் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாட்கள்: ஊர்காவற்றுறை

முதல் நாள் கடலில் இறங்க வேண்டாம். பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்குப் போகலாம். இருபுறமும் விரியும் பரவைக் கடலைக் கவனியுங்கள். இடுப்பளவு நீரில் தடிகளை வரிசையாக ஊன்றி வலை பிணைத்திருப்பார்கள். அதற்குக் களங்கட்டி என்று பெயர். நீரோட்டத்தோடு வரும் இறாலும் மீனும் வலைச்சுவரை ஒட்டியே நீந்தி, கடைசியில் உள்ள கூட்டுக்குள் சிக்கும். இந்தத் தடிகளைப் பார்த்தாலே இங்கே ஆழமான அடிக்கட்டை கொண்ட ஐரோப்பியப் பாய்ப்படகு ஏன் ஓட முடியாது என்பது விளங்கும். தட்டையான அடி கொண்ட வத்தையும் வள்ளமும் இந்த நீருக்கென்றே பிறந்தவை.

வழியில் உள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் சீனத்துச் சொங் அரச காலத்து மட்பாண்டங்கள் பெருமளவில் கிடைத்தன. மாலையில் சாட்டிக் கடற்கரையில் கால் நனைக்கலாம்.

இரண்டாம் நாள் ஊர்காவற்றுறை. இன்று இது அமைதியான சிற்றூர். 12ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு தமிழில் பொறிக்கப்பட்டது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றி வந்தது உடைந்தால் சரிபாதி. அந்த ஊராத்துறையே ஊர்காவற்றுறை என்பது ஆய்வாளர் முடிவு. இன்றைய கப்பல் காப்புறுதிப் பத்திரங்கள் பேசும் விஷயத்தை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, நீர் சூழ நிற்கிறது ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம்; அதன் குதிப்பகுதியில் இருப்பதால் இந்தப் பெயர். தீவுகளுக்கும் அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லைடன் ஆனது, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, புங்குடுதீவு மிடில்பர்க் ஆனது. மக்கள் வாயில் எதுவும் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. 'பாதை' மிதவையில் ஏறிக் காரைநகருக்குக் கடந்தால் கசூரினா கடற்கரை. ஆழமும் அலையும் குறைந்தது. பிள்ளைகளோடு குளிக்க ஏற்றது.

மூன்றாம் நாள் ஊர்காவற்றுறையிலிருந்து படகில் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் போகலாம். இவை சுற்றுலாத் தலங்கள் அல்ல. பனையும் தோட்டமும் கோயிலும் தேவாலயமும் உள்ள ஊர்கள். அங்கே பார்ப்பதற்கென்று பட்டியல் எதுவும் இல்லை. ஒழுங்கையில் நடக்கலாம், வலை பொத்துபவர்களோடு கதைக்கலாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குறிகட்டுவான்

நான்காம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் புங்குடுதீவின் மறுமுனையான குறிகட்டுவானில் இறங்கலாம். அங்கே ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் தீவு வாழ்க்கை முழுதும் புரியும். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், பிள்ளையின் சைக்கிள், முட்டை அட்டை, மருந்துப் பை என்று ஒவ்வொன்றாகக் கை மாறிப் படகுக்குள் போகும். "தம்பி, உதை ஒருக்கால் இஞ்சாலை பிடியும்" என்று ஓர் அம்மா கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் அவருக்கு முன்பின் தெரியாதவராக இருப்பார். ஆனாலும் பிடிப்பார். உயிர்காப்பு அங்கி போட்ட பிறகுதான் படகு கட்டவிழும்.

நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நாகபூஷணி அம்மன் கோபுரம் கடலிலிருந்தே தெரியும். சற்றுத் தள்ளி நாக விகாரை. இரு சமயத்தவரும் ஒரே படகில் வந்து இறங்குவார்கள். ஆனி மாதப் பெருந்திருவிழாவில் கூட்டம் அலைமோதும். வழிபாட்டுக்கு வருபவர்களுக்கு அது கொடுப்பினை, சுற்றிப்பார்க்க வருபவர்கள் வேறு வாரத்தைத் தேர்வது நல்லது.

ஐந்தாம், ஆறாம் நாட்கள் நெடுந்தீவுக்கு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பலர் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவை அப்படி ஓடி ஓடிப் பார்ப்பது பாவம். ஓர் இரவாவது தங்குங்கள். சிறிய விடுதிகள் உண்டு. பவளக்கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள் தீவு முழுதும் ஓடுகின்றன. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, நான்கைந்து பேர் உள்ளே நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்குமரம், தெற்கு முனையில் பழைய வெளிச்சக் கோபுரம். ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெட்டவெளியில் மேய்கின்றன. கோடையில் குளங்கள் வற்றும்போது அவை தண்ணீரின்றி மடிந்ததும் உண்டு. அருகே போய் விரட்டிப் படம் எடுக்காதீர்கள்.

இறங்குதுறையான மாவிலித்துறையில் ஒரு நினைவாலயம் இருக்கிறது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகில் பயணம் செய்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இந்தக் கடலில் மகிழ்ச்சியாகப் போய்வரும் எவரும் அங்கே ஒரு நிமிடம் நிற்பது கடமை.

ஏழாம் நாளை விட்டுவையுங்கள்

மத்தியதரைக் கடலில் அனுபவப்பட்டவர்கள் கடைசி இரவைத் தொலைவான தீவில் வைக்க மாட்டார்கள். படகைத் திருப்பிக் கொடுக்கும் துறைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான். ஏழாம் நாள் காற்றுக்கு ஒதுக்கிய நாள். படகு ஓடாமல் நெடுந்தீவில் கூடுதலாக ஒருநாள் தங்க நேர்ந்தாலும் விமானமோ கப்பலோ தவறிப்போகாது. எல்லாம் நேரப்படி நடந்தால், அந்த நாளில் அன்னபூரணி புறப்பட்ட வல்வெட்டித்துறைக்குப் போய், மாலையில் பருத்தித்துறை வெளிச்சவீடு வரை கரையோரமாகப் போய்விட்டு, இரவு ஒடியல் கூழ் குடிக்கலாம்.

மீனவரின் வள்ளத்தை வாடகைக்கு எடுப்பதானால் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்டு எடுங்கள். இந்தியக் கடல் எல்லை அருகில் இருப்பதால் கடற்படையின் கண்காணிப்பு உண்டு. அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் ஏற வேண்டாம். "இண்டைக்குக் கடல் சரியில்லை" என்று படகோட்டி சொன்னால், கூடுதல் பணம் காட்டி அவரைக் கடலில் இறக்காதீர்கள்.

வடதாரகை, நெடுந்தாரகை, எழுதாரகை போன்ற படகுகள் உல்லாசப் பயணிகளுக்காக விடப்பட்டவை அல்ல. பிரசவத்துக்குப் போகும் தாயும், சோதனைக்குப் போகும் மாணவியும், ஓய்வூதியம் எடுக்கப் போகும் முதியவரும் அவற்றை நம்பியே இருக்கிறார்கள். இருக்கை குறைவாக இருந்தால் தீவு மக்கள் முதலில் ஏறட்டும். மதியச் சாப்பாட்டை யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் தீவுக் கடையில் சாப்பிடுங்கள். நல்ல தண்ணீருக்கு அங்கே தட்டுப்பாடு. குடிக்க வேண்டியதைக் கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தல்களை மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.